சைனப் பேரில் ஒரு வீடு

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் சாயிரா தன் வீட்டைப் பார்த்ததில்லை. அது கடலுக்கு அப்பால், இலங்கையில், மட்டக்களப்புக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் ஒரு கிராமத்தில் இருந்தது. அவள் இருந்தது தாராவியில், வாப்பாவின் தோல் பெட்டிப் பட்டறைக்கு மேலே, ஏணி வைத்து ஏறும் ஒற்றை அறையில், வாப்பா உம்மாவோடு.

பார்க்காவிட்டாலும் வீடு அவளுக்கு மனப்பாடம். கணவன் ஜஹாங்கீர் கடிதத்துக்குக் கடிதம் அதைப் பற்றி எழுதியிருந்தான். முன்னால் இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, ஒரு கிணறு, ஒன்பது தென்னை. குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதெல்லாம் அந்தக் கிணறுதான் அவள் நினைவுக்கு வரும்.

"ஏட்டி, ஒன் கெணத்துலேர்ந்து ரெண்டு கொடம் இங்க அனுப்பச் சொல்லேன்" என்பாள் பக்கத்து அறை மீனாட்சியம்மாள். "கடல்ல மெதந்துக்கிட்டே வந்துரும்."

"வரும் அக்கா. உப்புக் கரிச்சா என்னைய ஏசக்கூடாது" என்பாள் சாயிரா.

ஜஹாங்கீர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். கடைக்குச் சரக்கு எடுக்க பம்பாய் வந்தவன், ஊருக்குக் கொண்டுபோக ஒரு தோல் பெட்டி வாங்கப் பட்டறைக்கு வந்தான். ஒரு பெட்டிக்காக நாலு தடவை வந்தான். நாலாவது தடவை சாயிராவின் உம்மா நூர் நிஷாவே கேட்டுவிட்டாள்: "தம்பி, ஒங்களுக்குப் பெட்டி வேணுமா, பொண்ணு வேணுமா?"

அவன் காது சிவந்து போனதை ஏணியின் மேல்படியிலிருந்து சாயிரா பார்த்தாள். அன்றைக்கே அவளுக்கும் முடிவாகிவிட்டது.

வாப்பா அப்துல் ரவூப் காயல்பட்டினத்துக்காரர். அங்கே பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணத்தின்போது பெண் பேரில் வீட்டை எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடி வருவான். ஜஹாங்கீரின் ஊரிலும் அதே வழக்கம்தான். அவனுடைய அக்காவுக்குக் குடும்ப வீட்டைக் கொடுத்தாகிவிட்டது. ஆண்பிள்ளையான அவனுக்கு என்று அங்கே ஒரு கூரையும் இல்லை. ஆகவே சாயிராவுக்கு வீடு வாங்கித் தரவேண்டியது ரவூபின் கடமை ஆயிற்று. இருபது வருஷம் தோல் வெட்டிச் சேர்த்ததை அவர் அதற்காக எடுத்து வைத்தார்.

அப்போதுதான் இலங்கையில் புதுச் சட்டம் வந்திருந்தது. அந்நாட்டுக் குடிமகன் அல்லாதவர் நிலமோ வீடோ வாங்கினால், விலை எவ்வளவோ அவ்வளவையும் வரியாகக் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டுப் பணம். ரவூபிடம் ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது.

"மாமா, என்ட பேர்ல எழுதுவம்" என்றான் ஜஹாங்கீர். "நான் அந்த நாட்டுக்காரன். வரி வராது."

ரவூப் தோல் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். "மாப்புள, நீங்க நல்ல பிள்ளதான். ஆனா வீடு மாப்பிள்ள பேர்ல இருந்தா, நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தா எம் பொண்ணு தெருவுல நிக்கணும். எங்க ஊர்ல எவனும் செய்ய மாட்டான். பொம்பள பேர்லதான் வீடு இருக்கணும்."

"வாப்பா, அவங்களயே நம்பாமயா என்னைய அவங்களுக்குக் கட்டிக் குடுக்கிய?" என்றாள் சாயிரா.

"நீ சும்மா கெட. இது பெரியவங்க சோலி."

குடியுரிமை உள்ள பெண் யார் என்று யோசித்தார்கள். ஜஹாங்கீரின் உம்மா, "எனக்கு வயசு போயிட்டு" என்று எழுதிவிட்டாள். அக்கா பேரில் போட்டால் அவள் புருஷன் உரிமை கொண்டாடுவான். மிச்சம் தங்கை சைனப். பதினெட்டு வயது. ஆசிரியை ஆகாமல் கல்யாணம் கிடையாது என்று கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவள். சாயிராவுக்கு இலங்கையில் குடியேற அனுமதி கிடைத்து, அங்கே போய்க் குடியுரிமையும் வாங்கிய பிறகு அவள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. ரவூபுக்கு நிம்மதியாக இருந்தது. வீடு ஒரு பெண் பேரில்தானே இருக்கிறது.

பணத்தை முறையாக அனுப்ப வழியில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே கொடுத்தார். அவர் வீட்டாருக்கு ரவூப் இங்கே கொடுத்தார். கையெழுத்து, ரசீது எதுவும் கிடையாது.

அனுமதி வரவில்லை. சாயிராவின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஜஹாங்கீர் வருஷத்துக்கு ஒரு முறை வந்து போனான். அவன் வந்தால் மீனாட்சியம்மாள் தன் அறையின் பாதியைத் துணி கட்டி மறைத்துக் கொடுப்பாள். "வீட்டுக்காரியம்மா குடக்கூலிக்கு இருக்கா" என்று அதற்கும் ஒரு கேலி.

அறுபத்தேழாம் வருஷம், மழைக்காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ரவூப் அப்போதுதான் வந்திருந்தார். நனைந்த சட்டையோடு பட்டறையில் உட்கார்ந்தவன் நூர் நிஷா கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"சைனப்புக்குக் கலியாணம் முடிஞ்சி மாமா. போன மாசம்."

"மாஷா அல்லாஹ். ஒரு காயிதம் போட்டிருக்கலாமே மாப்புள" என்றார் ரவூப். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "வீடு?"

ஜஹாங்கீர் தரையைப் பார்த்தான். "நல்ல எடத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை ஆட்கள் வீடு எங்க எண்டு கேட்டாங்க. உம்மா வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டிட்டாங்க. சைனப் பேர்லதானே இரிக்கி. இப்ப அவங்க அதுலதான் இரிக்காங்க."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. ரவூபின் கை ஒரு தோல் துண்டைத் தேவையில்லாமல் மடித்து மடித்துப் பிரித்தது. குமரிப் பெண் பேரில் ஒரு வீடு இருந்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருடைய ஊரிலும் அதே அர்த்தம்தான். அந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது மூன்று வருஷமாகத் தோன்றவில்லை.

சாயிரா ஏணியை விட்டு இறங்கி வந்தாள்.

"உறுதிய எடுத்துக் காட்டும்போது நீங்க எங்க இருந்திய?"

"அங்கதான்."

"வாயத் தொறந்தியளா?"

"சபையில முப்பது பேர் இருந்தாங்க சாயிரா. அது எங்கட வீடில்ல எண்டு நான் சொல்லியிருந்தா சைனப்ட கலியாணம் அந்த இடத்துலயே நிண்டு போயிரிக்கும்."

"அவ என்ன சொன்னா?"

"அழுதா. 'மதினி வந்தா ஒரு அறை குடுக்கலாம்' எண்டா."

"எனக்கா? ஒரு அறையா?" சாயிரா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நூர் நிஷா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வழக்குப் போடுவோம்" என்று எழுந்தார் ரவூப்.

"எதை வச்சு மாமா? பணம் போன வழியக் கேட்டா உங்களையும் பிடிப்பாங்க, அங்க குடுத்தவரையும் பிடிப்பாங்க."

ரவூப் மறுபடி உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஒங்க பேர்ல எழுதியிருந்தா இன்னைக்கு இருந்திருக்கும்."

"இருந்திரிக்கும் மாமா" என்றான் அவன். குரலில் கோபமில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மழை சற்று விட்டபோது ரவூப் மருமகனின் தோளைத் தொட்டார். "மாப்பிள்ள பொண்ணு வீட்டுக்குத்தானே வரணும்? இங்க வந்துருங்க. மேல இருக்கத அவளுக்குக் குடுக்கேன். பட்டறையில ஒங்களுக்கு வேல இருக்கு."

ஜஹாங்கீர் சட்டைப் பைக்குள்ளிருந்து கடவுச்சீட்டை எடுத்து, விசா குத்தியிருந்த பக்கத்தை விரித்துக் காட்டினான்.

"முப்பது நாள்தான் மாமா. நான் இங்க வெளிநாட்டுக்காரன்."

அந்த முத்திரையை ரவூப் படிக்க முயன்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேலே ஏறினார். தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக் கீழே கொண்டு வந்து, வெட்டுப் பலகைக்கு அடியில் வைத்தார். நூர் நிஷா ஒன்றும் கேட்காமல் போய்த் தன் துணிகளையும் குர்ஆன் பலகையையும் எடுத்து வந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பை மட்டும் மகளுக்காக மேலேயே விட்டுவிட்டாள்.

"என்ன வாப்பா செய்யிதிய?" என்றாள் சாயிரா.

"ஒன் வீடும்மா அது. பத்திரமெல்லாம் கெடையாது. கார்ப்பரேஷன்காரன் நாளைக்கே இடிச்சாலும் இடிப்பான். இருக்கதத்தானே குடுக்க முடியும்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயிரா மேலே போய் நின்றாள். நாலு எட்டில் முடிந்துவிடும் அறை. கழுத்தை வளைக்காமல் நிற்க நடுவில்தான் இடம். இத்தனை வருஷமாகப் படுத்து எழுந்த அறையை அவள் இப்போதுதான் அளப்பதுபோலப் பார்த்தாள். ஜஹாங்கீர் ஏணியில் பாதி ஏறி, மேலே வரலாமா என்று தெரியாமல் நின்றான்.

அவனை மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பது நாளில் தெரியுமா என்றும் சொல்ல முடியாது. அவன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூன்று வருஷத்தில் நெற்றி ஏறியிருந்தது. பெட்டி வாங்க வந்த நாலாவது தடவை பார்த்த அதே காதுகள்.

"செருப்பக் கீழ கழட்டி வச்சிட்டு வாங்க" என்றாள். "இங்க நான் வீட்டுக்காரி."

அவன் கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றினான். அவள் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தாள்.