மலக்கியின் இரண்டாவது குழல்

ஒரு மனிதனுக்கு ஒரு குழல் போதும் என்பது மலக்கி கான்சிடைனின் கொள்கை. கில்வரான் ஊரில் யார் இரண்டாவது தகரக்குழல் வாங்கினாலும் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. வெளியூரிலிருந்து ஆறு குழல்களைத் துணியில் சுருட்டி எடுத்துவந்த ஒரு மனிதரை, அடுக்களைக் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டவன் அவன். அந்த ஆள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஊரார் டி என்று சொல்லும் சுருதி நம் கணக்கில் இரண்டு கட்டை. மலக்கியின் குழலுக்கு அதுதான் பிறந்த வீடு. ஆறு துளையையும் மூடி ஊதினால் இரண்டு கட்டை ஷட்ஜம் தானாக வரும். பக்கத்திலேயே ஐந்து கட்டையும் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூடி, பாதி திறந்து, விரலைக் கோணலாக்கித் தவிக்க வேண்டும். மலக்கி தவிக்கிற ஆள் இல்லை. பெர்னி ஹோனனின் பப்பில் ஞாயிறு மதியம் கூடி வாசிக்கிற வட்டத்தில் புல்லாங்குழல் ஃபின்டனுக்கும் இதே வசதி, இதே சோம்பல். ஆக, முப்பது வருடமாக அந்த மேசையில் இரண்டு கட்டைதான் வேதம்.

டிம்ப்னா ஹெஹிர் மட்டும் பிடில்காரி. பிடிலுக்கு எல்லா வீடும் சொந்த வீடுதான். மருந்துக்கடை வைத்திருக்கும் இந்த ஐம்பது வயதுக்காரிக்கு ஒரு கட்டை, நாலு கட்டை என்றால் உயிர். இரண்டு கட்டையில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, சரி, ஆனால் மனதில் இருப்பதை இறக்கிவைக்க அதில் இடம் எங்கே என்பாள். ஒன்பது வருடம் மலக்கியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்காக இரண்டு கட்டையிலேயே வாசித்தாள். அவன் அதை ஒரு சலுகையென்று நினைத்ததே இல்லை.

நவம்பரில் ஒரு நாள் அவளுக்கு ஆசை தாங்கவில்லை. ‘ஆட்டுக்குட்டி தொலைந்த வாரம்’ என்று எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. அதை ஒரு கட்டையில் எடுத்தாள். மலக்கி நாலு சுரம் தடுமாறினான். பிறகு குழலை மேசைமேல் ‘டக்’கென்று வைத்தான். ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அப்படி வைப்பது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதோடு விட்டானா, இல்லை.

"இது ரெண்டு கட்டைல பொறந்த பாட்டு, டிம்ப்னா. வேற கட்டைல வாசிக்கணும்னா வீட்ல போய் வாசி."

அவள் மெட்டை மூன்று முறை முழுதாக வாசித்து முடித்தாள், தனியாக. வில்லைத் தளர்த்தினாள், பிடிலைப் பெட்டியில் வைத்தாள், வீட்டுக்குப் போனாள். பதினான்கு ஞாயிறு வரவில்லை.

பதினான்கு ஞாயிறும் பக்கத்து நாற்காலியில் மலக்கியின் மேல்கோட்டு உட்கார்ந்திருந்தது. அவன் பால் லாரி ஓட்டுகிறவன். விடிந்ததிலிருந்து பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுப்பவனுக்குப் பேச ஆள் கிடையாது. வாரம் முழுக்க அவளிடம் சொல்வதற்கென்று எதையாவது சேர்த்துவைப்பான்; எந்த மாடு யாரை உதைத்தது, எந்தக் கிழவர் புதுப் பல் கட்டினார் என்று. இப்போது சேர்ந்தது சேர்ந்தபடி கிடந்தது. அவள் இல்லாமல் அவனுக்கு வாசிக்கவும் பிடிக்கவில்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். மருந்துக்கடைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் இருமல் மருந்தோடு திரும்பிவந்தான்.

பிப்ரவரியில் பெர்னி கவுண்டரைத் துடைத்தபடியே செய்தியைப் போட்டாள். பக்கத்து ஊர் பாலிகிரீனில் ஞாயிறு வட்டம் நடத்தும் அக்கார்டியன்காரர் செனன் கில்டே, டிம்ப்னாவை நிரந்தரமாக அங்கே வரச்சொல்லிவிட்டாராம். அவர் பெட்டியில் ஒரு கட்டையும் ஓடும், நாலு கட்டையும் ஓடும். மனைவியை இழந்தவர். அவர் காரில் சீட்டுகூடச் சூடாகுமாம். இந்த ஞாயிறு டிம்ப்னா அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகப்போகிறாள். அங்கேயும் இதே நேரம்தான், ஆகவே இங்கே இனி வர முடியாது.

"ஏன் எங்கிட்ட சொல்ற?" என்றான் மலக்கி.

"வேற யாருகிட்ட சொல்றது? அந்தக் கோட்டுகிட்டயா?" என்றாள் பெர்னி.

மறுநாளே மலக்கி என்னிஸ் நகரத்துக்குப் போய் வாத்தியக் கடையில் நுழைந்தான். எந்தச் சுருதி வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம், மூலத்துக்கு மருந்து கேட்பவன்போல் குரலைத் தாழ்த்தி, ஒரு கட்டை என்றான். அவள் எடுத்துக் கொடுத்த குழல் கொஞ்சம் நீளம், மற்றபடி அதே ஆறு துளை, அதே விரல். புதிதாகக் கற்க ஒன்றுமே இல்லை! பழைய மெட்டைப் பழைய விரலிலேயே ஊதினால் ஒரு கட்டையில் வந்து நிற்கிறது. லாரிக்குள் உட்கார்ந்து ஒரு முறை ஊதிப் பார்த்தவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருட வீம்பின் விலை பன்னிரண்டு யூரோ.

அவள் சொன்னதும் உண்மையாக இருந்தது. அந்த மெட்டு ஒரு படி இறங்கியதும் அவசரம் விட்டுப்போய், உட்கார்ந்து பேச ஆரம்பித்தது.

ரகசியம் என்று நினைத்தான். பண்ணை வாசலில் பால் ஏறுகிற நேரத்தில் லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தால் மாட்டுக்குத்தான் கேட்கும் என்று அவன் கணக்கு. மாட்டுக்காரிகளுக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு இரண்டு மணிக்கு அவன் உள்ளே நுழைந்ததும் ஃபின்டன், "பெர்னி, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாச்சு" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. மலக்கி அதை விழுங்கிக்கொண்டான். பதில் கொடுக்கத் தகுதியில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

டிம்ப்னா செனனோடு வந்தாள். செனன் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. எல்லோருக்கும் கைகொடுத்தார், மலக்கியின் வாசிப்பைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார், கேக் வேறு கொண்டுவந்திருந்தார். மலக்கி தன் கோட்டை எடுத்து நாற்காலியைக் காலி செய்தான். அவள் எதிர்ப்பக்கம், செனன் அருகில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இரண்டு கட்டையிலேயே போயிற்று. மரியாதைக்கு வந்த விருந்தாளியாக அவளும் அதையே வாசித்தாள்.

மூன்று மணிக்கு மேல் எல்லோரும் கோப்பையை எடுத்த நேரம் பார்த்து அவன் நீளக் குழலை வெளியே எடுத்தான். ‘ஆட்டுக்குட்டி தொலைந்த வார’த்தை ஒரு கட்டையில் ஆரம்பித்தான்.

ஃபின்டன் புல்லாங்குழலை மடியில் வைத்துக்கொண்டான். ஒருவன் ஆரம்பித்த மெட்டில் யாருமே சேராவிட்டால் அதைவிட அவமானம் அந்த மேசையில் வேறில்லை. முதல் சுற்று முழுக்க மலக்கி தனியாகவே ஊதினான். டிம்ப்னா வில்லைத் தொடவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் சுற்றில் செனன்தான் இரக்கப்பட்டுச் சேர்ந்தார். அவர் சேர்ந்ததும் அவளும் பிடிலை எடுத்தாள்.

அப்போதுதான் வினை வெளியே வந்தது. சுருதி ஒட்டவில்லை. குழல் ஒரு இழை கீழே, அக்கார்டியனும் பிடிலும் ஒரு இழை மேலே. கேட்டவர்களுக்குப் பல் கூசியது. புதுக் குழலின் ஊதுவாய் கடையிலிருந்து வரும்போது பசைபோட்டு ஒட்டித்தான் வரும். வெந்நீரில் முக்கித் திருகி இளக்கிச் சுருதி சரிசெய்துகொண்டு பிறகுதான் சபைக்கு எடுத்துப்போக வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலக்கி தன் பழைய குழலுக்கு அதைச் செய்து முப்பது வருடமாகிறது. இரண்டாவது குழலே வாங்காதவனுக்கு அது எங்கே நினைவிருக்கும்? மூச்சைக் கூட்டிப் பார்த்தான், கிறீச்சென்றது. எல்லோரும் தத்தம் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அவன் குழலை வாயிலிருந்து எடுக்கப்போனான்.

"நிறுத்தாத," என்றாள் டிம்ப்னா. "ஒரு சுரத்தப் பிடிச்சிட்டு நில்லு."

அவன் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பிடிலை மடியில் சாய்த்து முதல் கம்பியை இறக்கினாள். காதைக் கொடுத்துக் கேட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அவசரமே படவில்லை. அக்கார்டியனை நகர்த்த முடியாது, ஒட்டிய குழலையும் நகர்த்த முடியாது, நகரக்கூடியது பிடில் ஒன்றுதான். அதை எந்தப் பக்கம் நகர்த்துகிறாள் என்று மேசையில் எல்லோருக்கும் புரிந்தது. அந்தக் கம்பிகளோடு இனி செனனுடன் வாசிக்க முடியாது. ஃபின்டனோடும் முடியாது. பன்னிரண்டு யூரோ தகரம் ஒன்றோடு மட்டும்தான் முடியும்.

செனனுக்கும் காது உண்டு. பெட்டியின் துருத்தியை மூடி வாரை மாட்டினார். டீ கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கவுண்டர் பக்கம் போனார்.

அவள் எழுந்து வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். மலக்கியின் வாயில் குழல் இருந்ததால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதை எடுத்தான்.

"வீட்ல போய் வாசின்னு சொன்னேனே. அது தப்பு. பதினாலு வாரமா எனக்கு எதுவுமே சரியில்ல."

"எனக்கு மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்?" என்றபடி பிடிலைத் தோளில் வைத்தாள். "வாசி."

வாசித்தார்கள். மூன்று சுற்று, இருவர் மட்டும். ஊரின் மற்ற சுருதிகளுக்கெல்லாம் ஒரு இழை கீழே, தங்களுக்குள் ஒரு பிசிறில்லாமல். மலக்கிக்குக் கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை.

முடிந்ததும் பெர்னி ஒரு ஜக்கில் ஆவி பறக்க வெந்நீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஊதுவாயை முக்கி இளக்கினால் இரண்டு நிமிடத்தில் சுருதி சரியாகிவிடும், பாவம், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளட்டும் என்றாள். மலக்கி குழலை நீட்டப்போனான்.

டிம்ப்னா ஜக்கை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள்.

"அது ஆறட்டும்," என்றாள். "அடுத்தது என்ன வாசிக்கலாம், சொல்லு."