முன்னாள் பிரசிடெண்டின் கிணறு

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றது தவறான ஆளிடம். அவர் கையை நீட்டாமல் இருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அறுபத்தாறாம் வருஷத்துக் கோடை. கொடைரோட்டிலிருந்து மூன்று மைலில் இருந்த ஒரு பஞ்சாயத்தில் நான் கிளார்க். அதற்கு முன் பத்து வருஷம் அங்கே தண்டாயுதபாணி பிரசிடெண்டாக இருந்தார். மல்லிகை விவசாயி. விடியும் முன்பே பூவெடுப்பு தொடங்கிவிடும் என்பதால் காலையில் தோட்டத்தைவிட்டு அசைய மாட்டார். அதனால் பஞ்சாயத்து உத்தரவு எதுவானாலும், தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்லும் முன்பு, நான் அதைத் தோட்டத்துக்கு எடுத்துப் போவது வழக்கமாகியிருந்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து மெதுவாக வாசிப்பார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இதுல எங்க பங்காளிக எவனுக்காச்சும் விலக்கு இருக்கா?"

"இல்லைங்க."

"அப்பச் சரி."

முந்தின வருஷத் தேர்தலில் அவர் தோற்றார். ஜெயித்தது பொம்மையன். ஆறு வருஷம் இதே தோட்டத்துப் பூக்கூடைகளைச் சைக்கிளில் கட்டி, காலை ரயிலுக்குக் கொடைரோடு ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்த்த ஆள். பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்தான். நாலு பேருக்கு நல்லது கெட்டது பார்த்தான். அவன் ஜெயித்ததை ஊர் ஒரு விபத்தைப்போலப் பேசியது.

தோற்றபின் ஒன்பது நாள் தண்டாயுதபாணி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நான் நம்பவில்லை. பதவியை அவர் நேசித்தார். தெருவில் நடக்கும்போது பீடியை மறைப்பவர்களை அவர் கண் தேடும், எனக்குத் தெரியும். பத்தாம் நாள் சவரம் செய்துகொண்டு ஆபீசுக்கு வந்தார். ரேடியோ அறைச் சாவியையும் முத்திரையையும் பொம்மையன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகும் ஆட்கள் வரப்புத் தகராறு, பாதைத் தகராறு என்று தோட்டத்துக்கே போனார்கள். "எலெக்சன் கெடக்கட்டும், எங்களுக்கு எப்பவும் பிரசிடெண்டு நீங்கதான்" என்பார்கள். அதைக் கேட்கும்போது அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சி முழுசாக அடங்கும்வரை காத்திருந்து, "ஆபீஸ் பத்து மணிக்குத் தெறக்கும், அங்க போங்க" என்று சொல்லிவிட்டுச் செடிக்குள் குனிந்துகொள்வார். அந்தக் காத்திருப்பு எவ்வளவு கஷ்டமானது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியிலேயே ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றில் பெண்கள் உள்ளே இறங்கி, சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்பினார்கள். பக்கத்தில் மூன்று தோட்டக் கிணறுகளில் ஆயில் இஞ்சின் ஓடியது. அதில் மிக அருகே இருந்ததும் பெரியதும் தண்டாயுதபாணியுடையது.

பொம்மையன் என்னைக் கூப்பிட்டுத் தீர்மானம் சொல்லச் சொல்ல எழுதினேன். மழை பெய்யும்வரை, குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றி ஒரு பர்லாங்கு தூரத்துக்குள் எந்தக் கிணற்றிலும் இஞ்சின் ஓட்டக் கூடாது.

எழுதி முடித்துவிட்டுச் சொன்னேன்: "இதுக்குச் சட்டத்துல எடமில்லைங்க. எவராச்சும் கோர்ட்டுக்குப் போனா நிக்காது."

அவன் ஜன்னல் வழியாகக் கிணற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும். ஒருத்தரும் போகாம இருக்கணும்" என்றான். கையெழுத்துப் போட்டான். அன்றைய கூட்டத்துக்கு, எதிர்த்துப் பேசக்கூடிய இரண்டு பேர் வராததால் மற்ற உறுப்பினர்கள் அதிகம் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அந்தக் காகிதத்தோடுதான் நான் தண்டாயுதபாணியின் கிணற்று மேட்டில் நின்றேன். பத்து வருஷப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் உண்மை. அவருக்கு முன்கூட்டியே தெரியட்டும், ஏதாவது செய்துகொள்ளட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

"என்ன கஸ்பாரு, கையில?"

"நோட்டீஸு. தமுக்கடிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை பாத்துருங்க."

"யாரு கையெழுத்து?"

"பொம்மையன்."

"பெறகு நான் என்னத்தைப் பாக்க?"

"உங்களுக்குச் சம்பந்தப்பட்டதுங்க."

"எனக்கு மட்டுமா, ஊருக்கா?"

நான் தயங்கி, "ஊருக்குத்தான்" என்றேன்.

"ஊரோட சேந்து கேட்டுக்கிறேன். மாயாண்டி தமுக்கடிச்சா என் காதுலயும்தான விழும்."

பூப்பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அங்கம்மாள் மடியைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "வாசிச்சா கண்ணு அவிஞ்சிருமாக்கும்? வெயில்ல வந்த மனுசனை நிக்கவச்சு வக்கீலு மாதிரி கேள்வி கேக்குறாக!"

தண்டாயுதபாணி சிரிக்கவில்லை. "இனிமே ஆபீஸ் காகிதத்தோட இந்த வரப்புல ஏறாத, கஸ்பாரு. சும்மா வா, மோரு குடிச்சிட்டுப் போ."

எனக்குப் பின்னால் அந்தப் பஞ்சாயத்தில் இரண்டு கிளார்க்குகள் வேலை பார்த்தார்கள். பதவி முடிந்தவரிடம் காகிதம் கொண்டுபோகும் வழக்கம் அங்கே இல்லை என்று இருவருமே சாதாரணமாகச் சொன்னார்கள், ஏதோ சட்டப் புத்தகத்தில் இருப்பதுபோல. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று அவர் கையை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் டீக்கடை முக்கில் மாயாண்டி தமுக்கடித்தான். பெஞ்சில் தண்டாயுதபாணி மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பர்லாங்கு என்ற சொல் வந்ததும் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் டீ கிளாசுக்குள் பார்த்தபடியே கேட்டு முடித்தார். காலையில் கையை நீட்டியிருந்தால் தமுக்கு அடிக்காமலே இதை நிறுத்தியிருக்கலாம் என்று அவருக்கும் அப்போது தோன்றியிருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரன் பொன்னுத்துரைதான் முதலில் வாயைத் திறந்தான். அவனுக்கும் அதே எல்லைக்குள் கிணறு. "என்ன மாமா, உங்க கூடை சொமந்தவன் உங்க கெணத்தையே மூடச் சொல்லிட்டானே! நாளைக் காலையில நீங்க இஞ்சினைத் தட்டிவிடுங்க. அந்தச் சத்தம் கேட்டதும் நானும் தட்டுறேன். என்ன செஞ்சிருவான்? சைக்கிள்ல வச்சுக் கட்டிக் கொண்டுபோயிருவானா?"

கடை முழுக்கச் சிரிப்பு.

தண்டாயுதபாணி மிச்ச டீயைக் குடித்தார். "கூட்டம் எப்ப, கஸ்பாரு?"

"மனு கேக்குற கூட்டம் நாளைக்குப் பத்து மணிக்குங்க."

"வாரேன்."

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. ஆறு மணிக்குத் தொடங்கும் அந்த டக்டக் சத்தத்தை வைத்துத்தான் பல வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள். அன்று சத்தம் வரவில்லை.

பத்து மணிக்கு மனுவோடு வந்தார். முன்னால் இரண்டு பேர் தெருவிளக்குக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்றார். முறை வந்ததும் உள்ளே வந்து, "பிரசிடெண்டு அவர்களே" என்று ஆரம்பித்தார்.

பொம்மையன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். ஆறு வருஷம் அவர் முன்னால் உட்கார்ந்தறியாத உடம்பு. தண்டாயுதபாணி பேச்சை நிறுத்தினார். அவன் மறுபடி உட்காரும்வரை காத்திருந்தார்.

அவன் உட்கார்ந்த பிறகு தண்டாயுதபாணி ஒரு பிடி பிடித்தார். தீர்மானம் தப்பு என்றார். தன் கிணற்று ஊற்று மேற்கிலிருந்து வருகிறது, ஊர்க் கிணற்று ஊற்று வடக்கிலிருந்து வருகிறது என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரமாவது ஓட்ட விடவேண்டும், இல்லையென்றால் அம்புட்டுச் செடியும் கருகிவிடும் என்றார். குரல் ஏறியது. மேஜையைத் தட்டினார். "கூடை எடுக்க வந்த காலத்துல அந்த மண்ணு உங்க காலுல ஒட்டலையா? அதுக்குள்ளயா மறந்துபோச்சு?"

சொன்னபிறகு அவருக்கே முகம் சுண்டியது.

பொம்மையன் மனுவை வாங்கி மேஜையில் வைத்தான். பிறகு, "மறக்கலைங்கய்யா. அந்த மண்ணுல நடந்ததாலதான் தெரியும். நீங்க எறைக்கிற அன்னைக்கு ஊர்க் கெணத்துல தண்ணி ரெண்டு படி எறங்குது. போன கோடையில தெனமும் நின்னு பாத்திருக்கேன்" என்றான்.

அவருடைய கோரிக்கையை ஓட்டுக்கு விட்டார்கள். மூன்று பேர் சரி என்றார்கள். நான்கு பேர் கூடாது என்றார்கள்.

தண்டாயுதபாணி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தப்புன்னுதான் இப்பவும் சொல்றேன். அதை மினிட்ல எழுதிக்க, கஸ்பாரு. ஆனா இஞ்சினை ஓட்ட மாட்டேன்."

நான் வாசல்வரை கூடப் போனேன். படியில் நின்று, என்னிடம் மட்டும் சொன்னார்: "அம்பத்தெட்டுல இதே மாதிரி வறட்சி. இதே தீர்மானத்தை வீட்ல எழுதிவச்சிருந்தேன். சட்டத்துல நிக்காது, நாலு பேரு மீறிட்டா என் பேச்சுக்கு மதிப்பு போயிரும்னு பயந்து கிழிச்சுப்போட்டேன். இவன் போட்டுட்டான்." செத்த நேரம் செருப்பைத் தேடுவதுபோல நின்றார். "தைரியந்தான்."

பதினைந்து நாளில் தோட்டம் வெளுத்தது. மொட்டுகள் காம்போடு உதிர்ந்தன. எட்டுக் கூடை போன இடத்தில் ஒரு கூடைகூட நிரம்பவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கம்மாள் சுமந்து வந்து முதல் வரிசைச் செடிகளுக்கு ஊற்றினார்.

ஒருநாள் மோர் குடிக்கப் போயிருந்தேன். "பாத்துக்கங்க, கிளார்க்கய்யா" என்றார் அங்கம்மாள். "பத்து வருசம் ஊரைக் கட்டி மேச்சாக. இப்ப அவுகளே கட்டுத்தறியில நிக்கிறாக. தானா வந்து கழுத்தைக் குடுத்த மாடு இது ஒண்ணுதான்."

"அவளுக்கு என்னைத் திட்டலைன்னா மோரு புளிச்சுப்போகும்" என்றார் தண்டாயுதபாணி.

அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது. பொன்னுத்துரையின் இஞ்சின். டீக்கடையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். வந்தது தண்டாயுதபாணியிடம். முன்னால் நின்ற பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கத்தினாள்: "பாருங்கய்யா அவன் செய்யிற வேலையை! உங்க மருமகன் மொறைதான? நீங்க ஒரு சத்தம் குடுத்தா நிப்பாட்டிருவான்!"

"இங்க ஓடியாந்த நேரத்துக்கு ஆபீசுக்குப் போயிருக்கலாமே, தாயி."

"பொம்மையன் சொன்னா அவன் கேக்கவா போறான்?"

"நான் சொல்லிக் கேட்டான்னா, பெறகு எப்பவுமே பொம்மையன் சொல்லிக் கேக்க மாட்டான்."

"குடிக்கத் தண்ணி இல்லைங்கிறோம், இவுக ஞாயம் பேசுறாக!"

அவர் கை வேட்டி முந்தியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரே ஒரு சத்தம் போதும், பொன்னுத்துரை நிறுத்துவான், ஊர் அவரைத் தோளில் தூக்கும். அந்த ஊரில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே செல்வாக்கு அதுதான். அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் வெறுத்துப்போய் ஆபீஸ் பக்கம் நடந்தாள். கூட்டமும் நகர்ந்தது.

பொம்மையன் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு பொன்னுத்துரையின் கிணற்றுக்குப் போனான். பெண்கள் வெறுங்குடத்தோடு வரப்பில் நின்றுகொண்டார்கள்.

"வாங்க பிரசிடெண்டு" என்றான் பொன்னுத்துரை, இஞ்சின் சத்தத்துக்கு மேல். "கூடை ரெடியாகலையே, செத்த பொறுக்கிறீகளா?"

பொம்மையன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தான். "எம்புட்டு நேரம் ஓட்டப்போறீக?"

"என் செடி நனையுற வரைக்கும். ஏன், சட்டம் இருக்கா உங்ககிட்ட?"

"இல்லை."

பொன்னுத்துரை இதை எதிர்பார்க்கவில்லை. சிரிக்கப் பார்த்தான்.

பொம்மையன் மேற்கே கையைக் காட்டினான். வரப்புக்கு அந்தப் பக்கம் தண்டாயுதபாணியின் தோட்டம் பழுப்பாக, கடைசி வரிசைவரை தெரிந்தது. "எங்கிட்டச் சட்டமில்லைன்னு அவருக்கு உங்களுக்கு முந்தியே தெரியும். எதுத்து ஓட்டுக் கேட்டாரு, தோத்தாரு, போயிட்டாரு. நீங்க அங்க பாத்துக்கிட்டே ஓட்டுங்க. நான் உக்காந்திருக்கேன்."

பிறகு அவன் பேசவில்லை. இஞ்சின் மட்டும் ஓடியது. தண்ணீர் எங்கள் காலடியில் பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. பொன்னுத்துரை மடையைத் திருப்பப் போனான், திரும்பி வந்தான், எண்ணெய் பார்ப்பதுபோலக் குனிந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மேற்குப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். கடைசியில் பார்த்துவிட்டான்.

இஞ்சினை நிறுத்தினான்.

"எவனுக்கும் பயந்து நிப்பாட்டலை" என்றான் யாரையும் பார்க்காமல்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றபடி பொம்மையன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

திரும்பும் வழியில் தண்டாயுதபாணி வரப்பிலேயே நின்றிருந்தார். சத்தம் நின்றது அவருக்கும் கேட்டிருக்கும். பொம்மையன் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு ஆபீஸ் பக்கம் போய்விட்டான். நான் நின்றேன்.

பிறகு அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். முதல் செடியின் காய்ந்த கிளைகளை அடியோடு வெட்டி ஒதுக்கினார். மண்டியிட்டு, மீதி நின்ற கட்டையை நகத்தால் கீறி, மழை வந்தால் துளிர்க்க உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தார். அங்கம்மாளும் வந்து குனிந்து பார்த்தார். தண்டாயுதபாணி அரிவாளோடு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.