இரண்டாம் முறை மேடேறியவன்

பாராஓனாவில் பேஸ்பால் மேனேஜர் வேலைக்கு ஆள் பஞ்சமே கிடையாது. மீன் வாங்கப் போனால், மூன்றாவதாக யாரை மட்டை பிடிக்க விட வேண்டும் என்று மீன்காரி சொல்லித் தருவாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், பாதிரியார் என் பாவத்தைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் வீச்சாளர்களைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். ஊர் முழுக்க மேனேஜர்கள். ஆனால் எங்கள் கூழைக்கடா அணிக்கு, களத்தில் ஆட்டத்தை நடத்த நிஜமாகவே ஒரு மேனேஜர் தேவைப்பட்ட அந்த நவம்பரில் என் தலைதான் உருண்டது. அணியின் நிர்வாகி நான், யோகாஸ்தா ஃபெலிஸ். ஆள் பிடிக்க வேண்டியது என் வேலை.

அதற்கு முன் இருந்தவன் ஓர் அமெரிக்கன். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. வந்த நாளிலிருந்து அவனுக்கு வயிறு சரியில்லை, அணிக்கு எதுவுமே சரியில்லை. ஒருநாள் காலையில் ஓட்டல் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். புள்ளிப் பட்டியலில் எங்களுக்குக் கீழே வெறும் காகிதம்தான் இருந்தது.

எங்கள் முதலாளி டான் லியோன்சியோ. ஊரில் ஓடும் பேருந்துகளில் பாதி அவருடையவை, அணி மொத்தமும் அவருடையது. அவர் மயாமியில் ஒரு பெரிய பெயரைப் பிடித்து வைத்திருந்தார். நல்ல கோட்டு, வரிசையான பல், எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்த ஆள். நான் மனதில் வைத்திருந்தது ராதமேஸ் குவேவாஸை.

ராதமேஸ் இந்த ஊர்ப் பையன். பையன் என்ன, ஐம்பதைத் தொடப்போகிறான். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் அணிக்குக் கேட்சராக இருந்தவன். மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மைதானம் முழுவதையும் எதிரே பார்க்கிற ஒரே ஆட்டக்காரன் கேட்சர்தான். ஆட்டத்தை விட்ட பிறகு உதவிப் பயிற்சியாளர் ஆனான். ஒவ்வொரு மேனேஜர் ஓடும்போதும் இவனைத் தற்காலிகமாக உட்கார வைப்பார்கள். புது ஆள் வந்ததும் இவன் பழையபடி பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். முகம் சுளித்ததே இல்லை. பார்க்கிற எனக்குத்தான் எரியும்.

அமெரிக்கன் ஓடிய அன்று மதியம் என் அறைக்கு வந்து நின்றான்.

"யோகாஸ்தாக்கா, இந்தத் தடவ எனக்கு வேணும்."

"என்னடா வேணும்?"

"மேனேஜர் வேல. தற்காலிகம் கிற்காலிகம்னா நான் வரல. எம் பேருல வேணும்."

"இதக் கேக்க உனக்கு இத்தன வருஷமாடா ஆச்சு, மண்டு!" என்று திட்டினேன். திட்டும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்க்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டான் லியோன்சியோவிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"உள்ளூர்க்காரனா? உள்ளூர்க்காரன எவன் மதிப்பான்?"

"நீங்க எந்த ஊரு, டான் லியோன்சியோ?"

"வாய் மட்டும் கொறையாது உனக்கு. சரி, வெள்ளிக்கிழம தலைநகர் அணியோட ஆட்டம். அந்த ஒரு ஆட்டம் அவன் பாக்கட்டும். நான் சொல்றதக் கேட்டு, ஜெயிச்சும் காட்டுனா வேல அவனுக்கு. இல்லன்னா சனிக்கிழம மயாமிக்காரன் வர்றான். இவனுக்காக இவ்வளவு பேசுறியே, அப்ப நீயும் மேசையக் காலி பண்ணிடணும்."

"பண்ணிடறேன்" என்றேன். ரோஷம் வந்துவிட்டால் நான் முன்பின் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கில் எள் போட இடமில்லை. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது வரை எல்லாம் நன்றாகவே போனது. ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். பிறகு பிடித்தது சனி. தலைநகர்க்காரர்களில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் அவர்கள் முறை முடிந்தது. ஆனால் மூன்று பேஸிலும் ஓடக் காத்து நின்றது அவர்கள் ஆள். மட்டையோடு வந்து நின்றவன் மலை மாதிரி இருந்தான். அடித்தால் பந்து கடலில் விழும் என்று பேர் வாங்கியவன். அவன் ஒரு நல்ல அடி அடித்தால் போதும், எங்கள் கதை முடிந்தது.

வீச்சாளர் மேட்டில் எலிஹியோ மத்தோஸ் நின்றான். உப்பளத்துப் பக்கத்துக்காரன், இடக்கையன், தொப்பிக்குக் கீழே காதோரம் நரைத்துவிட்டது. அரங்கிலிருந்து ஒரு கூட்டம் கத்தியது: "தாத்தாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கடா! கஞ்சி ஆறிடப் போவுது!" பாவிகள். போன வருஷம் இவனைத்தான் தோளில் தூக்கினார்கள்.

ராதமேஸ் எங்கள் ஆட்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து எழுந்து மேட்டுக்கு நடந்தான். எலிஹியோவின் தோளில் கை போட்டு என்னவோ சொன்னான். எலிஹியோ சிரித்துவிட்டான். அந்த நிலைமையில் ஒருவன் சிரித்தான்! ராதமேஸ் அவனை மாற்றாமல் மேட்டை விட்டு இறங்கினான்.

என் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. டான் லியோன்சியோ தொப்பை குலுங்கப் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் டக்அவுட் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ராதமேஸ்! அவனத் தூக்கு! அந்த நெட்ட அமெரிக்க வீச்சாளன உள்ள விடு! அவன எதுக்குச் சம்பளம் கொடுத்து வெச்சிருக்கேன்?"

ராதமேஸ் மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டுமுன் நின்றுவிட்டான். "இல்ல மொதலாளி. நெட்டையன் வேகமா வீசறவன். இந்த மலைக்கு வேகம்னா அல்வா. மெதுவா வர்ற பந்துதான் இவனுக்கு ஆகாது. இவன் எலிஹியோவுக்குத்தான்."

"நான் சொல்றேன்!"

"கேட்டுச்சு மொதலாளி."

"கேட்டுமா நிக்கிற? அப்ப நீ வேணாம். ஃபெர்மின்! இந்த நிமிஷத்துலேர்ந்து நீதான் மேனேஜர். நடுவர்கிட்ட போயி, வீச்சாளர மாத்தறோம்னு சொல்லு!"

ஃபெர்மின் இன்னோர் உதவிப் பயிற்சியாளன். வாயில்லாப் பூச்சி, நாலு பிள்ளை வேறு. ராதமேஸைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், தரையைப் பார்த்துக்கொண்டே நடுவரை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் ராதமேஸ் அதைச் செய்தான். ஃபெர்மின் வருவதை ஒரு பார்வை பார்த்தான். சட்டென்று திரும்பி மறுபடியும் மேட்டை நோக்கி நடந்தான்.

நடுவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "ராதமேஸ், நில்லு! இந்த மட்டையாளர் நிக்கும்போது ஒருவாட்டி மேட்டுக்குப் போயாச்சு. இன்னொரு வாட்டி ஏறக் கூடாது. ஏறுனா வெளிய அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்!"

"உங்க வேலைய நீங்க பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு ராதமேஸ் ஏறினான்.

நடுவர் கையை ஓங்கி வாசலைக் காட்டினார். வெளியே போ!

அரங்கமே கூச்சல் போட்டது. வானொலிக்காரன் நார்டோ ஒலிபெருக்கி இல்லாமலே எனக்குக் கேட்கும்படி அலறினான்: "சட்டம் தெரியாத மேனேஜர், மக்களே! தெருவுல ஆடற பொடிசுக்குக்கூடத் தெரியும் இது!" நான் தலையில் கை வைத்துவிட்டேன். "கெடுத்தியேடா காரியத்த! அடப் பாவி, கெடுத்தியே!" ஐயோ, இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

டான் லியோன்சியோவுக்கு வாயெல்லாம் பல். "இதுவா உன் ஆளு? நல்லா பொறுக்குன போ! ஃபெர்மின், என்ன பாத்துட்டு நிக்கிற, சொல்லு அவர்ட்ட!"

ஃபெர்மின் நடுவரிடம் சொன்னான். நடுவர் தலையை ஆட்டினார்.

"மாத்த முடியாது."

"என்னது மாத்த முடியாது?" என்று கம்பிக்கு மேலே ஏறாத குறையாக முதலாளி எகிறினார்.

"எச்சரிச்சதுக்கு அப்புறமும் ஏறிட்டாரு. அதனால மேனேஜர் வெளிய. ஆனா வீச்சாளர் இந்த மட்டையாளர முடிச்சே ஆகணும். அதுக்கப்புறம்தான் அவரு எறங்கணும். அதுவரைக்கும் அவர யாரும் மாத்த முடியாது. நீங்களும்தான், டான் லியோன்சியோ."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறக்கவில்லை! அடேய், இவன் எதையும் மறக்கவில்லை! எலிஹியோவை அந்த மேட்டிலிருந்து எந்தக் கொம்பனும் இறக்க முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டு, தன் வேலையைத் தொலைத்துக்கொண்டு போகிறான். ராதமேஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஊரே ஏச, எங்களைத் தாண்டி உள்ளே போனான். நடையில் ஒரு தளர்ச்சி இல்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட யாரும் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

எலிஹியோ முதல் பந்தை வெளியே வீசினான். மலை அசையவில்லை. அடுத்ததை மலை ஓங்கி அடித்தான். பந்து எங்கேயோ போனது, ஆனால் பக்கக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்ததால் அடி செல்லவில்லை. என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அதற்கடுத்ததையும் கோட்டுக்கு வெளியேதான் தட்ட முடிந்தது அவனால். ஆக இரண்டு அடி வீண், இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் அவுட். அரங்கில் மூச்சுச் சத்தம் கேட்டது.

எலிஹியோ கையைச் சுழற்றிய வேகத்தைப் பார்த்தால் பந்து பறந்து வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தது என்னவோ ஆடி அசைந்துதான். மலையால் காத்திருக்க முடியவில்லை. பந்து பாதி வழியில் இருக்கும்போதே மட்டையைச் சுற்றி முடித்து, முட்டி மடங்கி மண்ணில் உட்கார்ந்தான். பந்து சாவகாசமாகக் கேட்சரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவுட்!

அப்போது எழுந்த சத்தம் இருக்கிறதே, ஊருக்கு அப்பால் இருக்கிற ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். சட்டப்படி எலிஹியோ இறங்கினான். தாத்தா என்று கூவிய அதே கூட்டம் பெஞ்சு மேல் ஏறி நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. அவன் யாருக்கும் கை காட்டவில்லை. ராதமேஸ் போன வாசலைச் சுட்டிக் காட்டிக்கொண்டே நடந்து வந்தான். கடைசி இன்னிங்ஸை நெட்டை அமெரிக்கன் முடித்தான். ஜெயித்தோம்.

மேனேஜர் அறையில் ராதமேஸ் ஒரு காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டான் லியோன்சியோ உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நானும் நுழைந்துவிட்டேன். வெளியே வானொலிக்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி குரலை இறக்கிப் பேசினார். "இந்தா பாரு ராதமேஸ். நீ சட்டத்த மறந்துட்டன்னு ஊரே சொல்லுது. பதட்டத்துல மறக்கறது சகஜம். வெளிய போயி மைக்குல, 'மறந்துட்டேன், தப்பாப் போச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. வேல உனக்குத்தான். ரெண்டு வருஷத்துக்கு எழுதித் தர்றேன். என் பேச்ச ஒருத்தன் வேணும்னே மீறுனான்னு மட்டும் ஊர்ல பேச்சு வரக் கூடாது."

ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலையேன்டா என்று ஒரு கணம் என் மனசு அடித்துக்கொண்டது.

ராதமேஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"மொதலாளி, முட்டி தேயத் தேய உக்காந்து கேட்சரா இருந்தவன் நான். சட்டம் எனக்கு மறக்குமா? 'இவன் உனக்குத்தான், நடுவுல உன்ன எறக்க மாட்டேன்'னு எலிஹியோவுக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்தேன். தெரிஞ்சுதான் ஏறுனேன். நாளைக்கும் ஏறுவேன். மறந்துட்டேன்னு சொல்லி வர்ற வேல எனக்கு வேணாம்."

"அப்ப உனக்கு வேலயே இல்ல" என்றார் முதலாளி.

நான் போய்க் கதவை அகலமாகத் திறந்துவிட்டேன்.

திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். நார்டோ என் வாயருகே மைக்கை நீட்டினான். ஊர் முழுக்க அப்போது வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

"யோகாஸ்தாக்கா, ராதமேஸ் சட்டத்த மறந்துட்டாரா?"

"மறந்தது நீதான்டா, நார்டோ! அந்தச் சட்டத்த முழுசா போயிப் படி. எலிஹியோவ யாரும் எறக்கக் கூடாதுன்னு, தெரிஞ்சே ஏறி, தான் வெளிய போனான். இப்ப நல்லாக் கேட்டுக்க. கூழைக்கடாக்களோட மேனேஜர் ராதமேஸ் குவேவாஸ். தற்காலிகம் இல்ல. இதோ, மொதலாளியே நிக்கிறாரு. அவரு வாயாலயே கேளு."

மைக்கை வாங்கி டான் லியோன்சியோவின் மீசைக்கு நேரே பிடித்தேன். அவர் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். வெளியே, காதில் வானொலியோடு நின்ற கூட்டம் "ராதமேஸ்! ராதமேஸ்!" என்று ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் அவருடைய பேருந்தில் ஏறுகிற சனம். அவர் வரவழைத்த சிரிப்போடு மைக்கில் பேசினார்.

"ஆமா. எங்க ஊரு ஆளு. வேற யார வைப்பேன்?"

பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதில் கடுகடுத்தார். "நாளைக்குத் தோத்துப்பாரு, உன்னத் தொலைச்சுடறேன்."

"இன்னிக்கு வெளிய அனுப்புனதுக்கு, நாளைக்கு அவன் களத்துக்கே வரக் கூடாதுன்னு தடை போட்டிருவாங்க, டான் லியோன்சியோ. தோத்தா அது ஃபெர்மின் கணக்கு."

ராதமேஸ் அந்த ஒற்றைக் காலணியைப் பிடித்தபடியே எழுந்து நின்றான். அத்தனை பேருக்கு நடுவே அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. எனக்கு நெஞ்சு விம்மியது. சொந்தத் தம்பி பட்டம் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு பெருமை வந்திருக்காது.

"யோகாஸ்தாக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? உங்க வேல போயிருந்தா?"

"நீ பண்ணதத்தான்டா நானும் பண்ணேன்" என்றேன்.