2029-இல் பிறக்கப்போகிற அப்பா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள இரும்புக் கம்பி ஆலைக்கு, தொழிலாளர் குடும்பங்களின் மருத்துவ அட்டையைச் சரிபார்க்கும் புரோகிராமை எழுதியவன் அத்னான். பிறந்த தேதி வருங்காலத்தில் இருந்தால் ‘இவர் இன்னும் பிறக்கவில்லை’ என்று திரையில் வரும்படி வைத்திருந்தான். எவன் பார்க்கப்போகிறான் என்ற தைரியத்தில் அடித்த ஜோக்.

2007 ஆகஸ்டில் அந்த ஜோக், ஃபர்னஸ் பிரிவு ஆசீர்வாதத்தின் உருவில் அவன் மேசை முன்னால் வந்து நின்றது.

“இன்னா பாய், எங்க நைனா இன்னும் பொறக்கலியாமே? அப்போ நான் எப்டி பாய் பொறந்தேன்?”

அத்னான் சிரித்தான். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. அவர் அப்பா தாவீதுக்கு மறுநாள் இதய ஆபரேஷன். செலவை ஏற்கும் கம்பெனிக் கடிதம் ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு ஃபாக்ஸில் போகாவிட்டால் படுக்கை வேறொருவருக்கு. மணி மூன்றரை.

பதிவைத் திறந்தான். பிறந்த ஆண்டு: 29. அதை முழு ஆண்டாக்குவது, எவரோ எழுதி, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த புரோகிராம் லைப்ரரியில் வைத்திருக்கும் நாட்காட்டியின் வேலை. சம்பந்தம் பேசுகிறவன்கூட மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பான். அத்னான் அந்த நாட்காட்டியின் குணத்தை ஒருநாளும் விசாரித்ததில்லை. இப்போது ஒரு வரி எழுதிக் கேட்டான்: இரண்டு இலக்க ஆண்டை எதுவரை இந்த நூற்றாண்டில் சேர்ப்பாய்?

2029 என்றது அது. ஆக, 30 என்றால் 1930. 29 என்றால் 2029.

எல்லையை 2007 ஆக்கினான். தாவீது எழுபத்தெட்டு வயதோடு திரையில் வந்து உட்கார்ந்தார். நாலேகாலுக்கு ஃபாக்ஸ் போய்விட்டது.

“நல்லா இருப்ப பாய்,” என்று ஆசீர்வாதம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நெருப்பு வைத்தவனுக்கே தண்ணீர் ஊற்றியதற்காக மாலை போட்டதுபோல அத்னான் நெளிந்தான்.

இதேபோல் வேறு யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று தேடினான். ஒரு பதிவு வந்தது: ஷெட் தொழிலாளி சடையப்பனின் அம்மா. மார்ச்சில் மறுப்பு.

“அத வுட்ரு,” என்றாள் பக்கத்து மேசையில் இருந்த பணியாளர் பிரிவு ஹெலன். “அந்தம்மா மே மாசமே போய்ட்டாங்க.”

“அவுரு ஒண்ணும் கேக்கலியா?”

“கம்ப்யூட்டர் ஒத்துக்கலன்னேன். சரிம்மான்னு போய்ட்டாரு. அவுரு இன்னாத்த கேப்பாரு?”

அத்னான் எழுந்து ஷெட்டுக்கு நடந்தான். போகும் வழியெல்லாம் வாய்க்கு ஒரு கிண்டலும் அகப்படவில்லை. கம்பிக்கட்டுகளுக்கு நடுவே இருந்த சடையப்பன் அவனைக் கண்டதும் பதறி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“இன்னா சார், ஃபாரத்துல நான் எதுனா தப்பா எழ்திட்டனா?”

“நீங்க இல்லண்ணே,” என்றான் அத்னான். “நான்தான். கொஞ்சம் ஒக்காருங்க, சொல்றேன்.”