காலையில் போட்ட கையெழுத்து

விடிவதற்கு முன்பே ஷெட்டில் வேலை தொடங்கிவிடும். அலுமினியக் குழாய்களைத் தூக்கி வந்து தாங்கியில் பூட்டி, விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்து, முகமூடியை இறக்கி ஆர்கான் வெல்டிங்கைத் தொடங்கினால் மதியம் வரை நிமிர முடியாது. அலுமினியம் இரும்பைப் போல அல்ல. சூடேறினாலும் சிவந்து காட்டாது. திடமாக இருப்பது போல இருக்கும், கண் இமைப்பதற்குள் உருகி ஓட்டை விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. பத்து மணி நேரம் முடிந்து டீ டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பும். கை அப்படி நடுங்கும்.

ஆனால் விளக்கைப் போட்டதும் நாங்கள் செய்த முதல் வேலை இது எதுவும் இல்லை. கையெழுத்துப் போடுவோம்.

நாங்கள் செய்வது மின்சார மோட்டார் சைக்கிளின் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு சோதனைத்தாள் உண்டு. ஒட்டு ஆறியதும் அதன் கழுத்தில், அதாவது கைப்பிடியும் முன்சக்கரமும் வந்து சேருகிற இடத்தில், சிவப்பு மை தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புக் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் ‘பார்த்தேன், சரி’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. சாயங்காலம் போட வேண்டியது. அதைக் காலையிலேயே போடலாம் என்று சொன்னவன் நான்தான்.

நாற்பத்து நாலு வயது வரைக்கும் நான் கைநாட்டு. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற பெண். எங்கள் வண்டிக்குச் சத்தமே கிடையாது. அதனால் ஓட்டுபாதையில் குறுக்கே நடக்கிறவர்களைப் பார்த்து “ஓரம்! ஓரம்!” என்று கத்திக்கொண்டே வருவாள். அவளுக்கு ஹாரன் என்று பேர் வைத்தோம். சாப்பாட்டு நேரத்தில் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவாள். “அலுமினியத்தையே ஒட்டுற கைக்கு இந்தச் சுழி வரலையா அண்ணே?” என்று கேலி செய்வாள். பேர் எழுத வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்து நடுக்கம் என் எழுத்தைக் கோணலாக்குவது பொறுக்கவில்லை. “காலையில கை தெளிவா இருக்கு சார், அப்பவே போட்டு வச்சுடவா?” என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் ஏன் உடனே சரி என்றார் என்று யோசிக்கவில்லை. ஒரே வாரத்தில் எங்கள் வரிசையில் பதினொரு பேரும் காலையில் போட்டோம்.

அப்புறம் முதலாளிக்கு வண்டி தொண்ணூறு கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்று ஆனது. பேட்டரியைக் குறைத்தால் ஓடுகிற தூரம் குறையும். மோட்டாரைக் குறைத்தால் இழுவை குறையும். ஆகவே சட்டத்தில் கை வைத்தார்கள். குழாய் மெலிந்தது. கழுத்தைத் தாங்கிய இரண்டு மூலைத்தகடுகள் போயின. வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி ஒற்றைக் கையால் முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, அழகான வண்டி. கைப்பிடியைத் திருகினால் பாயும். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதே மாதம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சட்டம் என்பது இருபதாயிற்று. மை தடவ நேரமில்லை. தாள்தான் முன்னாலேயே நிரம்பியிருந்ததே.

செவ்வாய்க்கிழமை, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழு பிரேக் பிடித்துப் பார்க்கிற சோதனை. ‘ஓரம்’ என்ற குரல் பாதியில் அறுந்தது. ஓடினோம். வண்டி கழுத்தில் முறிந்து இரண்டாகக் கிடந்தது. முறிந்த இடத்தில் பாதி பளபளத்தது, பாதி கறுத்திருந்தது. கறுத்த பாதி பழைய விரிசல். அதைப் படிக்க எனக்கு யாரும் எழுத்துச் சொல்லித்தர வேண்டாம். சட்டத்தில் குத்தியிருந்த எண் ஏழு. என் எண்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். மேசையில் என் தாள்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கே! தாள் சுத்தம், வண்டி சுத்தம். அந்தப் பொண்ணு வேகத்தை மீறியிருக்கா. அஜாக்கிரதைன்னு எழுதிடலாம். மை போட்டுப் பாத்தேன்னு நீங்க சொன்னாப் போதும்.”

“அப்ப அவ வேலை, சார்? வைத்தியம்?”

“வண்டியை உடைச்சவளுக்கு நான் வைத்தியம் வேற பாக்கணுமா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. ஒட்டு மோசம்னு ஆச்சுன்னா, ஒட்டினது யாருன்னு கேப்பாங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளிலும் தொடையிலும் கட்டு.

“ஒருவேளை நான்தான் சட்டுனு பிடிச்சுட்டேனோ அண்ணே?” என்றாள். “தாள்ல உங்க கையெழுத்து இருந்துச்சு. அதைப் பாத்துட்டுதான் பயமில்லாமப் பிடிச்சேன்.”

“தூங்கும்மா” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பத்துப் பேர் முன்னால், காலைக் கையெழுத்தை நான் ஏன் கேட்டேன் என்பதையும் முதலாளி கேட்கிற பொய்யையும் சொல்லிவிட்டேன். ஒட்டுப் பிசிறைத் தேய்த்தெடுக்கிற கிரைண்டர்காரர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“உன் எழுத்தழகுக்கு அந்தப் பிள்ளை கால் போச்சாய்யா?”

அடிக்கட்டும் என்று நின்றேன். பேட்டரி ஒயரிங் பார்க்கிற அக்காதான் நடுவில் வந்தாள்.

“விடுய்யா அவரை. உன் தாளை நீ எப்போ போட்டே? நானும் ஒயரை இழுத்துப் பாக்காமலேதான் போட்டேன். வழி காட்டினது இவர்தான், இல்லேங்கல. இருபது கேட்டது யாரு? தகட்டைப் பிடுங்கினது யாரு?”

“சொன்னா எல்லார் வேலையும் போகும்கா” என்றார் கிரைண்டர்காரர்.

“சொல்லலைன்னா அடுத்த வண்டியில யாரை ஏத்தப்போறே? உன் பொண்ணையா?”

கிரைண்டர்காரர் சட்டையை விட்டார். போய் மை டப்பாவை எடுத்துவந்தார்.

மணி அடித்தது. யாரும் அவரவர் இடத்துக்குப் போகவில்லை. ஷெட்டில் நின்ற முப்பது சட்டத்துக்கும் மை தடவினோம், துடைத்தோம், பொடி தெளித்தோம். சாயங்காலமாகிவிட்டது. நாலு கழுத்தில் சிவப்புக் கோடு கசிந்தது. அதில் ஒன்று என்னுடையது.

முதலாளி இறங்கி வந்தார். கையில் என் தாள்.

“யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினீங்க?”

“கழுத்தைக் கேட்டுத்தான் சார்” என்றாள் அக்கா. “பாருங்க, பதில் சொல்லுது. அந்தப் பொண்ணு மேல பழி எழுதக் கூடாது. அவளுக்கு வைத்தியம் பாக்கணும். தகடு திரும்ப வரணும்.”

“தகடு வச்சா தொண்ணூறைத் தாண்டும்!”

“தாண்டட்டும். நீங்க தூக்கிக் காட்டுறீங்க, அவ ஓட்டுறா.”

“கேட்டுக்கு வெளியே வேலைக்கு ஐம்பது பேர் நிக்கிறான், தெரியுமில்ல?”

“கூப்பிடுங்க சார். அவங்களுக்கும் மை தடவக் கத்துக்கொடுக்கிறோம்” என்றார் கிரைண்டர்காரர்.

முதலாளி என் பக்கம் திரும்பித் தாளை நீட்டினார். “நீங்க சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லையா?”

தாளை வாங்கித் தாங்கியின் மேல் வைத்தேன். அதுவரை என் பேரைத் தவிர வேறெதுவும் தாளில் எழுதியதில்லை. கை நடுங்கியது. அழகான அந்தக் கையெழுத்துக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன்: ‘நான் பார்க்கவில்லை. இது காலையிலேயே போட்டது.’

கிரைண்டர்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, கீழே ‘நானும்’ என்று எழுதித் தன் பேரைப் போட்டார். அப்புறம் அக்கா. பேனா கை மாறி மாறிப் போனது. முதலாளி போனை எடுத்து யாரையோ வரச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நகரவில்லை.

நாளைக்கு இந்தத் தாளை அவளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பதினொரு பேருமாக. அவள் என்னை மன்னிப்பாளா, தெரியாது. எல்லா எழுத்தும் கோணல். ஆனால் ஒன்றுகூடப் பொய் இல்லை.