ஈரம் குடித்த தோள்பட்டை

அண்ணி சுமக்கப்போகும் பையைத் தூக்கிக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்த அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கட்டிக்கிட்ட நான்கூட இவளை இவ்வளவு வேலை வாங்கினதில்ல. நாத்தனார்னா சும்மாவா!"

"நீங்க வேலை வாங்கினதில்லையா? அப்ப தினம் அடுப்படில நிக்கறது யாரு, என்னோட ஆவியா?" என்றாள் அண்ணி, காலணிக் கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

தங்கைக்கு வீட்டில் ஊசி என்று பெயர். சோஃபா தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் அறையில் உட்கார்ந்து மலையேறுகிறவர்களுக்கான முதுகுப்பை ஒன்றைத் தைத்து முடித்திருந்தாள். பட்டறை முதலாளி அவளைத் துணி வெட்டுகிற வெட்டுமேசைக்குப் பொறுப்பாளராக ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அண்ணியும் அவளும் இப்போது கிளம்புகிற மலைமுகட்டுப் பாதையைப் பை தாங்கிவிட்டால் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகப் பை தைப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதே" என்று எச்சரிக்காதவர் வீட்டில் அண்ணி ஒருத்திதான்.

அண்ணி தபால்காரி. எத்தனையோ பைகளைச் சுமந்து பழகிய தோள். அதனால்தான் புதுப்பையை ஊசி அவளிடம் கொடுத்தாள். தான் கடையில் வாங்கிய பழைய பையைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தால் தையலைக் கண்காணிக்கலாம் என்பது கணக்கு. அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நல்லா இருந்தா நல்லா இருக்கும்பேன். இல்லாட்டி இல்லம்பேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

காட்டுக்குள் ஏறி, மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போன இடத்தில் முகடு தொடங்கியது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத பாதை. இடப்பக்கம் வெயில் விழுந்த புல்சரிவு. வலப்பக்கம் மேகம், அதன் அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. வழி தவறாமலிருக்க முன்னால் போனவர்கள் கல்மேல் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணி வீதியில் நடப்பதைப் போலவே நடந்தாள். அவசரமும் இல்லை, நிற்பதும் இல்லை. ஏற்றத்தில் காலடி சிறுத்தது, அவ்வளவுதான். நடையின் தாளம் மாறவில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளியபோது உடம்பை அதன்மேல் லேசாகச் சாய்த்துக்கொண்டாள். தையலைப் பார்க்க வந்த ஊசி பாதி நேரம் அந்த நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குப் பிறகு மேகம் முகட்டை மூடிக்கொண்டது. பெரிய மழை இல்லை. விடாத தூறல். மழைச்சட்டைமேல் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

"அண்ணி, பை எப்படி இருக்கு?"

"முதுகுலதான் இருக்கு."

"தையல் தாங்குதா?"

"தாங்குது, தாங்குது. பாதையைப் பாத்து வா. உருண்டு போனா உங்கண்ணனுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

தூறல் நின்றபின், முகடு கொஞ்சம் தாழ்ந்து அகன்ற ஓரிடத்தில் கூடாரம் போட்டார்கள். அண்ணி பையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தாள். அதை நகர்த்தப் பையின் தோள்பட்டையைப் பிடித்த ஊசியின் விரல்களுக்கிடையே சில்லென்று தண்ணீர் வழிந்தது. பிழிந்தாள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்ததுபோல் ஒழுகியது. மற்ற பட்டையும் அப்படியே. பைக்குள் இருந்த துணிமணி காய்ந்திருந்தது; தையல் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் தோளில் படுகிற இடத்துக்கு அவள் வைத்துத் தைத்தது பட்டறையிலேயே உயர்ந்த ரக ஃபோம். உட்கார்ந்தால் மெத்தென்று அமுங்கும், எழுந்தால் சட்டென்று நிமிரும். சோஃபா மழையில் நனைவதில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணியின் கழுத்தைச் சுற்றிச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஊசி அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ்கட்டி.

"எப்பலேந்து இப்படி?"

"தூறல் ஆரம்பிச்சதுலேந்து."

"ஏன் சொல்லல? கல்லுளிமங்கி மாதிரி வந்தீங்களே!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

ஊசி யோசித்தாள். "திரும்பியிருப்பேன்."

"அதான்" என்றாள் அண்ணி. "இப்பச் சொல்றேன், கேட்டுக்க. பை நல்லா இருக்கு. பட்டை நல்லா இல்ல. குளிருது, கனக்குது, நடக்க நடக்கத் தண்ணி பிழிஞ்சு முதுகுல இறங்குது. இதை எவளுக்காவது வித்தா உன் தலையில கொண்டுவந்து கவுப்பா."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை நினைவிருந்தும் ஊசியால் முடியவில்லை. பாறையில் உட்கார்ந்து பூட்ஸ் முனையையே பார்த்தாள். "சோஃபாக்காரி சோஃபாதான் தைப்பா. திங்கக்கிழமை வெட்டுமேசைக்கே போறேன்."

அண்ணி உலர்ந்த சட்டைக்கு மாறினாள். தன் படுக்கைப் பாயை விரித்தாள். ரப்பர் போல் அழுத்தமான, மெல்லிய பாய். அதன்மேல் தண்ணீர்ப் புட்டியைக் கொஞ்சம் கவிழ்த்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பாய் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

ஊசி நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்திரி வச்சிருக்கியா?"

"அது இல்லாம நான் எங்க போவேன்? ஆனா என் பாயை வெட்டறேன், இது உங்களது."

"நீ நெட்டச்சி. உனக்கு உன் பாயே பத்தாது. நான் குட்டை, வெட்டு."

"கால் தரையில கிடக்குமே, அண்ணி."

"என் கால் எப்பத் தரையில இல்லாம இருந்துச்சு? வெட்டுடீ."

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு பட்டையைப் பிரித்து, ஃபோமை உருவி, பாய்த்துண்டை இரண்டாக மடித்துச் செருகித் தைத்தாள். மற்றது விடிந்தபின் முடிந்தது. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து நிமிர்ந்தபோதுதான் அவள் முகட்டை முழுதாகப் பார்த்தாள். மேகமெல்லாம் கீழே இறங்கிக் கிடந்தது. அதற்கு மேலே அவர்கள் வந்த பாதையும் போகவேண்டிய பாதையும் ஒரே கோடாக, ஒரு மலையின் தோளிலிருந்து அடுத்ததன் தோளுக்கு ஏறி இறங்கிப் போயின. நேற்று இவ்வளவையுமா அண்ணி ஈரத்தைச் சுமந்துகொண்டு நடந்தாள்!

அண்ணி கூடாரத்தைச் சுருட்டிப் புதுப்பைக்குள் திணித்து, அதை ஊசியின் பக்கம் தள்ளினாள்.

"இன்னிக்கு நீ போடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

தைத்தவள் முதன்முறையாகத் தன் பையைச் சுமந்தாள். முகட்டின் கடைசி ஏற்றத்தில் மறுபடி தூறல் பிடித்தது. வழியெல்லாம் பட்டையை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். விரலில் மேல்ஈரம் மட்டுமே ஒட்டியது. அவளுக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. இறக்கம் தொடங்கியதும் அந்த ஆசை போயிற்று. இடுப்பு வாரின் கொக்கி ஒவ்வொரு அடிக்கும் எலும்பைப் பதம் பார்த்தது.

"அண்ணி! இந்தக் கொக்கி குத்துதே. நேத்து உங்களுக்குக் குத்தலையா?"

"குத்தாம? இடுப்பு ரெண்டு பக்கமும் செவந்து கிடக்கு."

"அதையும் சொல்லலையே!"

அண்ணி திரும்பாமலே பதில் சொன்னாள். "உனக்கு ஒரு நாளைக்கு ஒரு குறைதான் தாங்கும்னு தெரியும். ரெண்டாவதை இன்னிக்கு நீயே கண்டுபிடிச்சுட்ட."

ஊசி நடுவழியில் நின்று, வாரைத் தளர்த்திக் கொக்கியை முன்பக்கம் தள்ளிப் பார்த்தாள். கொக்கியை முன்னால் தள்ளித் தைத்தால் சரியாகிவிடும். எங்கே, எவ்வளவு என்று கட்டைவிரல் நகத்தால் துணியில் கீறி அடையாளம் வைத்தாள்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போற?" முன்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"வேலையை விடறேன்னுதான். ஆனா அடுத்த பையையும் நீங்கதான் சுமக்கணும்."

"தபால்காரிடீ நான், கழுதை இல்ல" என்றாள் அண்ணி. கொஞ்சதூரம் போனபின், "கொக்கியைச் சரிபண்ணிக் கொண்டா, பாக்கலாம்" என்றாள்.