ஒரு மில்லிமீட்டர் குறைவாக

"எனக்கு ஒன்பது வேணும் சார்."

இதைக் கேட்கவே கூடாது என்று ஷெரிஃப் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டார்சிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு கேள், புதுக் கார் கேள், ஷெரிஃபின் முதல் மனைவியைப் பற்றிக்கூடக் கேள். சின்னத் துப்பாக்கி மட்டும் கேட்டுவிடாதே. சொன்னவள் ரேடியோ அறையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் ஜோலீன். முன்பு ரெனே என்று ஒருத்தி கேட்டாள். மறு மாதமே அவளை ரோந்துக் காரிலிருந்து இறக்கி, கவுண்டி சிறையில் கைதிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு தள்ள வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் தள்ளிப் பார்த்துவிட்டு ஒமாஹா நகரத்துப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

ஷெரிஃப் லைல் ஹெட்ரிக் தலை நிமிரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலைப் பிய்த்து, இறைச்சியும் பீன்ஸும் வேகவைத்த சில்லிக் கிண்ணத்தில் தோய்த்து, இடது கையால் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்பதுன்னா?"

"ஒன்பது மில்லி. நாற்பதுக்குப் பதிலா."

"ஆரம்பிச்சிட்டா காலேஜ்," என்றார் ஜன்னலோரம் சாய்ந்து நின்ற வென்டல். சுடப் பழக்குகிறவர், மதிப்பெண் போடுகிறவர், பாஸ் ஃபெயில் சொல்கிறவர் எல்லாம் அவர்தான்.

'காலேஜ்' என்பதுதான் அந்த அலுவலகத்தில் டார்சி கோவாருக்குப் பெயர். ஷெரிஃபுக்குக் கீழே இருக்கும் பதினான்கு டெபுட்டிகளில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அவள் வீட்டிலும் அவள்தான் முதல். அப்பாவும் அம்மாவும் இறைச்சி ஆலையில் கத்தி பிடித்தே அவளைப் படிக்க வைத்தவர்கள். அந்தப் பட்டத்தை அலுவலகத்தில் ஏதோ தோல் வியாதி மாதிரிதான் பார்த்தார்கள். நெருங்கி உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

"நாற்பதுக்கு என்னம்மா குறைச்சல்?" என்றார் ஷெரிஃப். "முப்பது வருஷமா இந்த கவுண்டியே அதைத்தான் இடுப்புல கட்டியிருக்கு."

நாற்பது, ஒன்பது என்று கேட்டால் ஏதோ யானைக்கும் பூனைக்கும் உள்ள வித்தியாசம் போலத் தோன்றும். ஒன்று அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, மற்றது மில்லிமீட்டர் கணக்கு, அவ்வளவுதான். வைத்து அளந்தால் நாற்பதின் குண்டு ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும் பெரிது. துப்பாக்கிகள் இரண்டும் பார்வைக்கு அச்சில் வார்த்த மாதிரி ஒன்றே. விசையை இழுக்கும்போதுதான் தெரியும். நாற்பது மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, மேலே தூக்கி அடிக்கும். பெரிய கை அதை அமுக்கிவிடும். டார்சியின் கையில் முதல் குண்டு போன இடத்துக்குப் பக்கத்தில்கூட இரண்டாவது போவதில்லை.

தேர்வில் ஐம்பது குண்டு சுட வேண்டும், குறைந்தது நாற்பது குண்டு குறியில் பட வேண்டும். மே மாதம் முதல் தடவை முப்பத்தெட்டு. பதினைந்து நாள் கழித்து முப்பத்தொன்பது. வியாழக்கிழமை மூன்றாவது தடவை. அதுதான் கடைசி. அதிலும் தவறினால் கார் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிறைக்கு, தட்டுத் தள்ள.

"நீ இன்னும் தண்டால் எடுக்கணும்," என்றார் வென்டல்.

"தினமும் எழுபது எடுக்கிறேன்."

"பிடி சரியில்ல."

"பிடியை மூணு தடவை மாத்தினீங்க. மூணையும் பழகினேன்." வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேலும் உரிந்திருந்தது. "இதுக்கு மேல மாத்தணும்னா கையைத்தான் மாத்தணும்."

ஷெரிஃப் சிரித்தார். "இங்க பாரும்மா. இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் காளைமாடு சைஸ். குளிர்காலத்துல அதுக்கு மேல ரெண்டு கோட்டு. ஒன்பதுல சுட்டா அவனுக்கு அரிப்பு வந்து சொறிஞ்சுக்குவான்."

"பட்டாத்தானே சார் எந்தக் குண்டுக்கும் மரியாதை? படாத நாற்பது யார் வீட்டு ஜன்னலை உடைக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாரும் நாற்பதுலதான் பாஸ் ஆகுறாங்க."

"எல்லாருமா?"

அவள் கேட்ட விதத்தில் வென்டல் ஜன்னலிலிருந்து நிமிர்ந்தார். அவருடைய பென்சில் அந்த அலுவலகத்தில் பிரசித்தம். குறி பார்த்துச் சுட்ட அட்டையில் ஓட்டைகளை எண்ணும்போது, வேண்டப்பட்டவனுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் பென்சில் முனையால் குத்திவிடுவார். அதற்குப் 'பென்சில் குண்டு' என்று பெயர். நிஜக் குண்டு போன ஓட்டையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு வளையம் இருக்கும். பென்சில் ஓட்டையில் இருக்காது. தெரியாதவர்கள் யாரும் இல்லை. பீர் குடிக்கும்போது சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். டார்சிக்கு இரண்டு தடவையும் பென்சில் வரவில்லை. முப்பத்தொன்பது முப்பத்தொன்பதாகவே இருந்தது.

ஆனால் அவள் வந்தது பென்சிலுக்காக இல்லை.

தோள் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து, கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, மேசையில் விரித்தாள். ஒன்று அவளுடைய முப்பத்தொன்பது. மற்றதைப் பார்த்ததும் ஷெரிஃப் ரோலைக் கீழே வைத்தார். அது காப்பி மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் அட்டை. வருடா வருடம் ஷெரிஃப் சுட்ட அட்டையைக் கையெழுத்தோடு அங்கே மாட்டுவது வழக்கம். ஐம்பதுக்கு ஐம்பது. இதைச் சமன் செய்கிறவனுக்கு மாட்டிறைச்சி ஸ்டேக் விருந்து என்று கீழே எழுதியும் இருக்கும். இரண்டு வருடமாக விருந்தை யாரும் சாப்பிடவில்லை.

"அதை யாரைக் கேட்டு எடுத்தே?" என்றார் வென்டல்.

"போன தடவை ஃபெயில் ஆனதும் என் அட்டையைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு காப்பிக்கு நின்னேன். அழுகை வந்துடக் கூடாதேன்னு எதையாவது பார்க்கணும்ல? இதைப் பார்த்தேன்."

இடுப்பிலிருந்து குண்டு அடைத்த உதிரி மேகஸினை எடுத்து ஒரு தோட்டாவை நெம்பினாள். அதன் தட்டை மூக்கைத் தன் அட்டையின் ஓட்டை ஒன்றில் வைத்து அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த ஓட்டையிலும் போனது. பிறகு ஷெரிஃபின் அட்டையில் வைத்தாள். நடு நெஞ்சில் ஒரு ஓட்டை. மூக்கு விளிம்பில் முட்டி நின்றது. இன்னொன்று. அதிலும் முட்டியது. காகிதம் கிழிந்துவிடும் என்று அதற்கு மேல் அழுத்தவில்லை.

"ஐம்பதும் இப்படித்தான் சார். பென்சில் இல்ல. ஐம்பதுலயும் அழுக்கு வளையம் இருக்கு. நிஜமாவே நல்லா சுட்டிருக்கீங்க. ஒன்பதுல."

சில்லியில் எண்ணெய் மேலே கட்டிக்கொண்டிருந்தது. ஷெரிஃபின் வலது கை மேசைக்கு அடியில் இறங்கிப் போனதை டார்சி பார்த்தாள்.

"மணிக்கட்டுல ஆபரேஷன்," என்றார் கடைசியில். "கன்னுக்குட்டியைக் கயிறு போட்டு இழுத்தப்ப போச்சு. டாக்டர் நாற்பதைத் தொடக் கூடாதுன்னுட்டார். நான் என்ன பண்றது?"

"மாத்திக்கிறதுதான். மாத்திக்கிட்டீங்க. யாரையும் கேட்கலை. யாரும் உங்களைத் தண்டால் எடுக்கச் சொல்லலை."

"அது வேற, இது வேற," என்றார் வென்டல்.

"ஆமா. அவருக்கு வந்தா கை வலி. எனக்கு வந்தா பொம்பளைக் கை."

வென்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷெரிஃப் கையைக் காட்டி அடக்கினார். அடுத்து அவர் பேசிய குரல் அவள் முன்பே கேட்டிருக்கிற குரல்தான். வேலி தாண்டிய மாட்டுக்காக அண்டை வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டால் இப்படித்தான் இறங்கிப் பேசுவார்.

"இங்க பாரு டார்சி. நீ நல்ல டெபுட்டி. நீ ரோந்துல இருக்கணும்னுதான் எனக்கும். நவம்பர்ல ஷெரிஃப் தேர்தல். எனக்கு எதிரா நிக்கிறவன் ஏற்கனவே நான் கிழவனாயிட்டேன்னு சொல்லிட்டுத் திரியறான். இப்பப் போயி 'ஷெரிஃப் ஆபீஸ் சின்னத் துப்பாக்கிக்கு மாறுது'ன்னு கிளம்பினா சிரிச்சே கொன்னுடுவாங்க. தேர்தல் முடியட்டும். நானே மாத்தறேன்."

"வியாழக்கிழமை?"

அவர் வென்டலைப் பார்த்தார். வென்டல் கூரையைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை உனக்கு நாற்பது மார்க் வரும்," என்றார் ஷெரிஃப். "வென்டல் கையில பென்சில் இருக்கும்."

இதற்காகத்தான் மற்றவர்கள் வென்டலோடு பீர் குடித்தார்கள் போல. இரண்டு மாதமாகக் கை உரிய உரிய அவள் துரத்தியது, இப்படிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா வைக்கப்பட்டது. ஒரு தலையசைப்பு போதும். காரும் சாவியும் அவளுக்கே. அப்பாவிடம் பாஸ் ஆகிவிட்டேன் என்று சொல்லலாம். அந்த மனுஷர் ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்.

"நடு ரோட்ல ஒருத்தன் என்னைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினா, வென்டல் பென்சிலோட வந்து நிப்பாரா சார்?"

"பேச்சைப் பாரு," என்றார் வென்டல். "சும்மா கிடைக்கறதை வாங்கத் தெரியலை. இதையா காலேஜ்ல சொல்லித் தந்தாங்க?"

"எண்ணச் சொல்லித் தந்தாங்க. உங்களுக்குத் தரலை."

ஷெரிஃபுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கிக்கொண்டார். "சரி, நான் யோசிக்கிறேன். நாளைக்குள்ள ஒரு வழி—"

"யோசிக்க வேணாம் சார். போன வெள்ளிக்கிழமையே கவுண்டி கிளார்க்கிட்ட மனுக் கொடுத்துட்டேன். முத்திரை போட்டு வாங்கிட்டாங்க. புதன்கிழமை கவுண்டி வாரியக் கூட்டத்துல சத்தமா வாசிப்பாங்க. ஒன்பதோ நாற்பதோ, அவங்கவங்க கைக்கு ஏத்ததை எடுத்துக்க விடணும்னு கேட்டிருக்கேன். இந்த ஆபீஸோட ஆறு வருஷச் சுடும் மதிப்பெண்ணும் பின்னாடி இணைச்சிருக்கேன்."

புதன்கிழமைக் கூட்டத்துக்கு இந்த ஊரில் பாதிப்பேர் வருவார்கள். சாக்கடை வரி பற்றியானாலும் வருவார்கள். செய்தித்தாள் நடத்துகிற அம்மாள் முதல் வரிசையில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பாள்.

"அப்புறம் எதுக்கு இங்க வந்து கேட்டே?" ஷெரிஃபின் முகம் சிவந்துகொண்டு வந்தது.

"உங்க வாயால முடியாதுன்னு கேட்கலாம்னு. சரின்னு சொல்லியிருந்தா இப்பவே போய் மனுவைத் திரும்ப வாங்கியிருப்பேன்."

"இந்த அட்டையும் அதுல இருக்கா?" என்றார் வென்டல்.

"இல்ல. அது சுவத்துல மாட்டின படம். காப்பி குடிக்க வர்றவன் எவன் வேணா பார்க்கலாம். திரும்ப மாட்டிடுங்க."

தன் அட்டையை மட்டும் சுருட்டிக்கொண்டாள். தோட்டாவை எடுத்துக்கொள்ளாமல் மற்ற அட்டை மேல் நிறுத்தி வைத்தாள். அது ஷெரிஃபின் கையெழுத்துக்கு மேலே, மூக்கு மேலே பார்க்க நின்றது.

"வாரியம் மாட்டேன்னுட்டா?" என்றார் ஷெரிஃப்.

"வியாழக்கிழமை வந்து நாற்பதுல சுடறேன். பென்சில் வெளிய இருக்கட்டும். முப்பத்தொன்பதுன்னா தட்டுத் தள்றேன்."

கதவைத் திறந்தாள். ரேடியோ அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஜோலீன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கினாள்.

"கேட்டியாடி?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

டார்சி கார் சாவியைப் பையிலிருந்து எடுத்தாள். உரிந்த தோல் சாவியில் பட்டு எரிந்தது. "அதைக் கேட்க நான் நிக்கலை," என்று சொல்லிக்கொண்டே வெயிலில் இறங்கிப் போனாள்.